கருவிலுள்ள குழந்தையின் உடலில் நீர் கோக்கும்போது

ஸ்கேன் அறிக்கையைக் கையில் பிடித்தபடி எங்கள் ஆலோசனை அறைக்குள் வரும் குடும்பத்தினர் பெரும்பாலும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "தண்ணி நிறையக் குடிச்சதாலயா டாக்டர்?" கேட்பவர் தாயாகவே இருக்கலாம்; மாமியாராகவோ அம்மாவாகவோ இருக்கலாம். அறிக்கையில் 'ஹைட்ராப்ஸ்' என்ற சொல் இருக்கும். ஸ்கேன் மையத்தில், "குழந்தைக்கு நீர் கோத்திருக்கிறது" என்று சொல்லியிருப்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்ட நாளிலிருந்து தண்ணீரைக் குறைத்து, இளநீர், மோர், தயிர் யாவற்றையும் நிறுத்திவிட்டு வரும் தாய்மாரும் உளர்.

எனவே முதலில் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். தாய் குடித்த நீருக்கும் குழந்தையின் உடலில் கோத்த நீருக்கும் தொடர்பில்லை. குளிர்ச்சியான உணவு, மழையில் நனைந்தது, தலைக்குக் குளித்தது, கிரகண நேரத்தில் வெளியே சென்றது ஆகிய எதுவும் இதற்குக் காரணமன்று. தாய் தண்ணீரைக் குறைப்பதால் குழந்தையின் நீர் வடியாது. தாய்க்குத்தான் சோர்வும் சிறுநீர்த் தொற்றும் வரும். வழக்கம்போல் குடியுங்கள், உண்ணுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே நீக்கிவிடலாம். குழந்தையைச் சூழ்ந்திருக்கும் பனிக்குட நீர் அதிகமாக இருப்பது வேறு. குழந்தையின் தலைக்குள் நீர் சேர்வது வேறு. ஹைட்ராப்ஸ் என்பது, குழந்தையின் உடலிலேயே, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் நீர் தேங்கும் நிலை. நுரையீரலைச் சுற்றி, இதயத்தைச் சுற்றி, வயிற்றுக்குள், தோலுக்கு அடியில் என்னும் நான்கு இடங்களுள் குறைந்தது இரண்டில் நீர் காணப்பட்டால் இப்பெயரை இடுகிறோம். தோலின் தடிப்பு 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் அதை வீக்கமாகக் கணக்கிடுவது வழக்கம். நஞ்சுக்கொடியும் பல நேரங்களில் தடித்திருக்கும். பனிக்குட நீரும் கூடியிருக்கலாம். ஒரே ஓரிடத்தில் மட்டும் சிறிதளவு நீர் தெரிந்தால் அது ஹைட்ராப்ஸ் ஆகாது, ஆனாலும் கவனித்து வர வேண்டியதே.

வயலும் வடிகாலும்

நம் உடலில் நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து நீர் ஓயாமல் கசிந்து திசுக்களுக்குள் சென்றுகொண்டேயிருக்கிறது. அதில் பெரும்பகுதியை நிணநீர்க் குழாய்கள் திரட்டி மீண்டும் இரத்தத்தில் சேர்க்கின்றன. வாய்க்காலில் வந்த நீர் வயலில் பாய்ந்து, மிஞ்சியது வடிகால் வழியே ஓடைக்குத் திரும்புவதை ஒத்தது இது. வரத்து கூடினாலும், வடிகால் அடைபட்டாலும், ஓடையே நிரம்பி எதிர்த்து நின்றாலும் வயலில் நீர் தேங்கும். கருவிலுள்ள குழந்தையின் இரத்தக் குழாய்கள் பெரியவர்களுடையதைவிட எளிதில் கசிபவை. ஆகவே சமநிலை சற்றே பிசகினாலும் நீர் தேங்கத் தொடங்கிவிடுகிறது.

இதயம் தளர்ந்தால், ஓடை எதிர்த்து நிற்பதுபோல் சிரைகளில் அழுத்தம் கூடும். கல்லீரல் தளர்ந்தால், நீரை இரத்தக் குழாய்களுக்குள் பிடித்து வைக்கும் புரதம் குறையும். நிணநீர்க் குழாய்கள் சரியாக உருவாகாவிடில் வடிகாலே இல்லை. கடுமையான இரத்தசோகை முதலிரண்டையும் ஒருசேர நிகழ்த்தவல்லது.

இங்கு நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது, இந்த நீர் தனி ஒரு நோயன்று என்பதே. காய்ச்சல் எப்படிப் பல நோய்களின் அடையாளமோ அப்படியே இதுவும். "நீர் வடியுமா?" என்று நீங்கள் கேட்பது இயல்பு. ஆனால் அதற்கு விடை, "ஏன் கோத்தது?" என்ற கேள்வியின் விடைக்குள் இருக்கிறது. ஒரே மாதிரி தோற்றமளிக்கும் இரண்டு ஸ்கேன் படங்களுள் ஒன்று, சில வாரச் சிகிச்சையில் முற்றிலும் நலமாகக்கூடிய குழந்தையினுடையதாக இருக்கலாம். மற்றொன்று, எவ்வளவு முயன்றாலும் காப்பாற்ற இயலாத குழந்தையினுடையதாக இருக்கலாம். படத்தை மட்டும் பார்த்து எவரும் முடிவு சொல்லிவிட முடியாது. முதல் நாளிலேயே "இனிப் பயனில்லை" என்று சொல்லப்பட்டு வந்தவர்களையும், "பார்க்கலாம், அடுத்த மாதம் வாருங்கள்" என்று அனுப்பப்பட்டு வந்தவர்களையும் நாங்கள் கண்டிருக்கிறோம். இரண்டுமே தவறு, இரண்டாவது இன்னும் பெரிய தவறு. காரணம் தேடும் பரிசோதனைகள் சில நாட்களுக்குள் தொடங்கப்பட வேண்டும்.

ஆர்.எச். பொருந்தாமை

ஒரு காலத்தில் ஹைட்ராப்ஸ் என்றாலே பெரும்பாலும் இதுதான். தாயின் இரத்தம் ஆர்.எச். நெகட்டிவ், தந்தையின் இரத்தம் பாசிட்டிவ், குழந்தை தந்தையைக் கொண்டு பாசிட்டிவ். பிரசவத்தின்போதோ, கருச்சிதைவின்போதோ, கர்ப்பகால இரத்தப்போக்கின்போதோ குழந்தையின் இரத்தம் சிறிது தாயின் உடலுக்குள் கலந்துவிடுகிறது. தாயின் உடல் அதை அந்நியமாகக் கருதி எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. அதற்குள் முதல் குழந்தை பிறந்துவிடுவதால் அது பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்த கர்ப்பத்தில் குழந்தை மீண்டும் பாசிட்டிவாக இருந்தால், அந்த எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியைக் கடந்து சென்று குழந்தையின் சிவப்பணுக்களை அழிக்கத் தொடங்குகிறது. ஈடுகட்டுவதற்காகக் குழந்தையின் கல்லீரலும் மண்ணீரலும் சிவப்பணு உற்பத்தியில் இறங்கி வீங்குகின்றன. புரதம் குறைகிறது, இதயம் களைக்கிறது, நீர் கோக்கிறது.

இதைத் தடுக்கும் ஆன்டி-டி ஊசி 1968இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஊசி இல்லாத காலத்தில், நெகட்டிவ் தாய் பாசிட்டிவ் குழந்தையைப் பெற்றெடுத்தால் நூற்றில் ஏறத்தாழ 16 பேருக்கு எதிர்ப்பொருள் உருவாயிற்று. பிரசவத்திற்குப் பின் 72 மணி நேரத்திற்குள் ஊசி போடத் தொடங்கியதும் அது 2 அளவுக்குக் குறைந்தது. 28ஆம் வாரத்தில் கர்ப்பத்திலேயே ஒரு தவணை சேர்த்துப் போடுவதால், இன்று ஆயிரத்தில் ஓரிருவர் என்ற அளவுக்கு வந்திருக்கிறது. மருத்துவ வரலாற்றில் இவ்வளவு எளிய ஓர் ஊசி இவ்வளவு குழந்தைகளைக் காத்ததற்கு ஒப்பானவை மிகச் சில.

அப்படியிருந்தும் இந்நோய் ஏன் இன்னும் எங்களிடம் வருகிறது? நம் நாட்டில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவிலேயே ஆர்.எச். நெகட்டிவ் என்பதால், பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. பிரசவத்திற்குப் பின் ஊசி போட்டுக்கொண்டவர்கள்கூட இரண்டாம் மாதத்தில் கலைந்த கர்ப்பத்துக்குப் போடவில்லை என்பார்கள். "அது கணக்கிலேயே இல்லையே" என்பது அவர்கள் எண்ணம். கணக்கில் உண்டு. கருச்சிதைவு, கருக்கலைப்பு, கருக்குழாயில் தங்கிய கர்ப்பம், வயிற்றில் அடிபடுதல், பனிக்குட நீர் எடுக்கும் பரிசோதனை ஆகியவற்றுக்குப் பின்னும் ஊசி தேவையா என்று கட்டாயம் கேளுங்கள். எதிர்ப்பொருள் உருவாகிவிட்ட பிறகு இந்த ஊசியால் பயனில்லை. தாய்சேய் நல அட்டையில் இரத்த வகை எழுதப்பட்ட இடத்தை வீட்டில் ஒருவராவது பார்த்து நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பாசிட்டிவ் வகைத் தாய்மாருக்கு இந்தத் தொல்லையே இல்லை என்றும் எண்ண வேண்டாம். முன்பு இரத்தம் ஏற்றப்பட்டவர்களுக்கு வேறு வகை எதிர்ப்பொருள்கள் அரிதாக உருவாகலாம். ஹைட்ராப்ஸ் கண்ட ஒவ்வொரு தாய்க்கும் மறைமுக கூம்ப்ஸ் பரிசோதனை செய்வது இதனால்தான்.

கருப்பைக்குள்ளேயே இரத்தம் ஏற்றுதல்

குழந்தைக்கு இரத்தசோகை இருக்கிறதா என்பதை இன்று ஊசியின்றியே அறியலாம். இரத்தம் நீர்த்துப்போனால் வேகமாக ஓடும். குழந்தையின் மூளையிலுள்ள நடுத் தமனியில் இரத்தம் ஓடும் வேகத்தை டாப்ளர் ஸ்கேன் மூலம் அளந்து, அந்த வாரத்திற்குரிய இடைநிலை அளவைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால், மிதமான அல்லது கடுமையான இரத்தசோகையை ஐயுறுகிறோம். 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று இம்முறையை நிலைநாட்டியது. அதற்கு முன் பனிக்குட நீரை மீண்டும் மீண்டும் ஊசியால் எடுத்துச் சோதிக்க வேண்டியிருந்தது.

இரத்தசோகை உறுதியெனில், பிறக்கும் முன்பே இரத்தம் ஏற்றலாம். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் வில்லியம் லைலி என்ற மருத்துவர் 1963இல் இதை முதன்முதலாக வெற்றிகரமாகச் செய்தார். அன்று குழந்தையின் வயிற்றறைக்குள் இரத்தத்தைச் செலுத்தி, அது மெல்ல உறிஞ்சப்படும் என்று காத்திருந்தார்கள். ஏற்கெனவே வயிற்றில் நீர் கோத்த குழந்தைக்கு அம்முறை அவ்வளவாகப் பயன்படவில்லை. உறிஞ்சும் வழியே தடைபட்டிருந்தது. 1980களின் தொடக்கத்தில் தொப்புள்கொடியின் இரத்தக் குழாய்க்குள் நேரடியாக ஏற்றும் முறை வந்தபின்தான், நீர் கோத்த குழந்தைகளுக்கும் வழி பிறந்தது.

இன்று நடப்பது இதுதான். ஸ்கேன் திரையைப் பார்த்தபடி, தாயின் வயிற்றின் வழியே மெல்லிய ஊசியைச் செலுத்தி, தொப்புள்கொடி நஞ்சுக்கொடியில் வந்து சேருமிடத்தில் உள்ள சிரையை அடைகிறோம். முதலில் சிறிதளவு இரத்தம் எடுத்து ஹீமோகுளோபின் அளவைப் பார்க்கிறோம். பின்னர், தாயின் இரத்தத்தோடு பொருத்திப் பார்க்கப்பட்டு, கதிரியக்கம் செலுத்தப்பட்டு, செறிவூட்டப்பட்ட ஓ நெகட்டிவ் சிவப்பணுக்களை மெதுவாக ஏற்றுகிறோம். 20 வாரக் குழந்தையின் எடையே 300 கிராம் அளவுதான் என்பதை எண்ணிப் பாருங்கள். ஏற்றும் அளவும் அதற்கேற்ப மிகச் சிறிது. குழந்தை அசைந்தால் ஊசி விலகக்கூடும் என்பதால், குழந்தையைச் சற்று நேரம் அசையாமல் வைக்கும் மருந்தும் தருவதுண்டு. அந்நேரத்தில் அசைவு தெரியவில்லையே என்று தாய் அஞ்ச வேண்டாம். நீர் கோத்த குழந்தையின் இதயம் ஏற்கெனவே தளர்ந்திருப்பதால், முழு அளவையும் ஒரே நாளில் ஏற்றாமல் பிரித்து ஏற்றுவோம்.

ஒருமுறையோடு இது முடியாது. எதிர்ப்பொருள் இன்னும் தாயின் உடலில் இருப்பதால் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை மீண்டும் ஏற்ற வேண்டிவரும். 34 அல்லது 35ஆம் வாரம் வரை இது தொடரலாம். ஒவ்வொரு முறையும் சிறிய ஆபத்து உண்டு. இதயத் துடிப்பு குறைதல், பனிக்குடம் உடைதல், அவசரப் பிரசவம் ஆகியவை நேரலாம். தேர்ந்த மையங்களில் இத்தகைய சிக்கல்கள் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று முறை என்ற அளவில் நிகழ்கின்றன.

பிறந்த பிறகும் இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். கருவில் இருக்கும்வரை, அழிந்த சிவப்பணுக்களிலிருந்து வரும் மஞ்சள் நிறப்பொருளை நஞ்சுக்கொடி வெளியேற்றிவிடும். பிறந்ததும் அது குழந்தையின் உடலிலேயே ஏறத் தொடங்கும். ஒளிச்சிகிச்சையும், சில நேரங்களில் இரத்த மாற்றமும் தேவைப்படும். இரண்டாவது, கருவில் பலமுறை இரத்தம் ஏற்றிக்கொண்ட குழந்தையின் எலும்பு மஜ்ஜை சில காலம் சோம்பியிருக்கும். வீட்டுக்குச் சென்றபின் மூன்று மாதம் வரை குழந்தை வெளிறிப்போதல், பால் குடிக்கத் திணறுதல், எந்நேரமும் உறங்குதல் ஆகியவை தென்பட்டால் உடனே இரத்த அளவைப் பார்க்க வேண்டும். "மஞ்சள் குறைந்துவிட்டது, இனிக் கவலையில்லை" என்று மறுபரிசோதனைக்கு வராமல் இருந்துவிடாதீர்கள்.

பிற காரணங்கள்

ஆன்டி-டி பரவலானபின் நிலைமை தலைகீழானது. இன்று உலக அளவில் ஹைட்ராப்ஸ் கண்ட குழந்தைகளுள் பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் இரத்த வகைப் பொருத்தமின்மை அன்று. இவை ஏறத்தாழ 1,700 முதல் 3,000 கர்ப்பங்களுக்கு ஒன்று என்ற அளவில் காணப்படுகின்றன. காரணங்களின் பட்டியல் மிக நீளமானது. முழுவதையும் இங்கே அடுக்குவதால் பயனில்லை. சிகிச்சைக்கு வழியுள்ள சிலவற்றை மட்டும் விரித்துச் சொல்கிறோம்.

இதயத் துடிப்புக் கோளாறு அவற்றுள் முதன்மையானது. கருவிலுள்ள குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு 110 முதல் 160 முறை துடிப்பது இயல்பு. சில குழந்தைகளுக்கு அது 220ஐத் தாண்டி ஓடும். நிரம்ப நேரமின்றித் துடிக்கும் இதயம் களைத்து, நீர் கோக்கிறது. இங்கே மருந்தைக் குழந்தைக்குத் தருவதில்லை, தாய்க்குத் தருகிறோம். ஃபிளெக்கனைட், சோட்டலால், டிஜாக்சின் போன்ற மருந்துகள் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையை அடைந்து துடிப்பைச் சீராக்குகின்றன. தாயின் இதயத்தையும் இம்மருந்துகள் தொடும் என்பதால், தாய்க்கு இ.சி.ஜி. எடுத்து, முதல் சில நாட்கள் மருத்துவமனையிலேயே வைத்துக் கண்காணிக்கிறோம். துடிப்பு சீரானாலும் நீர் உடனே வடிவதில்லை. நாட்களும் வாரங்களும் ஆகும். "மருந்து வேலை செய்யவில்லையோ" என்று அதற்குள் கலங்க வேண்டாம்.

துடிப்பு மிக மெதுவாக, நிமிடத்துக்கு 50, 60 என்று இருப்பது வேறு கதை. தாயின் இரத்தத்திலுள்ள ஆன்டி-ரோ எனப்படும் எதிர்ப்பொருள் குழந்தையின் இதயத்தில் மின்தூண்டல் செல்லும் பாதையைத் தாக்குவதால் இது நேரலாம். அத்தாய்மாருள் பலர் தமக்கு எந்த நோயும் இல்லையென்றே எண்ணியிருப்பார்கள். குழந்தையின் ஸ்கேன்தான் தாயின் நோயை முதலில் காட்டிக்கொடுக்கும்.

பார்வோ வைரஸ் பி19 என்பது பள்ளிக் குழந்தைகளுக்குக் கன்னம் சிவந்து வரும் சாதாரணக் காய்ச்சலுக்குக் காரணமான கிருமி. கர்ப்பிணிக்கு இது தொற்றினால் அவருக்குத் தெரியாமலேயே போகலாம். ஆனால் குழந்தையின் சிவப்பணுக்கள் உருவாகும் இடத்தை இது தாக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. சிலருக்குக் கடும் இரத்தசோகையும் நீர்க்கோப்பும் வரும். இங்கே நற்செய்தி என்னவெனில் தாக்குதல் தற்காலிகமானது. பல நேரங்களில் ஒரே ஒருமுறை இரத்தம் ஏற்றுவதே போதுமானதாக இருக்கிறது; சில குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகிறது.

மேகநோய் எனப்படும் சிஃபிலிஸ் இன்றும் ஒரு காரணம். முதல் கர்ப்பப் பரிசோதனையிலேயே இதற்கான இரத்தச் சோதனை செய்யப்படுவது வெறும் சடங்குக்காக அன்று. பென்சிலின் ஊசியால் குணமாகும் நோய் இது. ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் இரட்டையருள் ஒருவரது இரத்தம் மற்றவருக்குப் பாயும் நிலையில், மிகுதியாகப் பெறும் குழந்தைக்கு நீர் கோக்கும். அந்தக் குழாய்களை லேசர் கொண்டு அடைக்கும் சிகிச்சை உண்டு. மார்பறையில் மட்டும் பெருமளவு நீர் தேங்கி நுரையீரலையும் இதயத்தையும் அழுத்தினால், சிறு குழாயொன்றைப் பொருத்தி அதைப் பனிக்குடத்துக்குள் வடியச் செய்யலாம்.

எதிர்ப்புறத்தில், குரோமோசோம் கோளாறுகள், இதயத்தின் அமைப்பிலேயே உள்ள பெருங்குறைகள், உடலின் வேதிமாற்றத்தைப் பாதிக்கும் மரபு நோய்கள் ஆகியவை இருக்கின்றன. கர்ப்பத்தின் முதற்பாதியில், கழுத்தின் பின்புறம் பெரிய நீர்ப்பையோடு காணப்படும் ஹைட்ராப்ஸுக்கு டர்னர் நோய்க்குறி போன்ற குரோமோசோம் காரணங்கள் மிகுதி. தென்கிழக்கு ஆசிய நாடுகளில் ஆல்ஃபா தாலசீமியா என்னும் இரத்த மரபுநோய் முக்கியக் காரணமாக இருக்கிறது. நம்மிடம் அது அரிது.

மரபு நோய்களைப் பற்றிப் பேசும்போது, மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள் நடந்த திருமணமா என்று நாங்கள் கேட்போம். இந்தக் கேள்வியில் குற்றச்சாட்டு எதுவுமில்லை. ஒரே குடும்பத்து மரபணுவில் மறைந்திருக்கும் குறை இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு சற்றே அதிகம் என்பதால், எந்தச் சோதனையை முதலில் செய்வது என்று முடிவெடுக்க அது உதவுகிறது. அப்படி இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒன்று என்ற வாய்ப்பு உண்டு. இந்தக் கேள்விக்குச் சிலர் தயங்கி "தூரத்து உறவு" என்று மட்டும் சொல்வதுண்டு. உள்ளபடி சொல்வது சோதனைகளைச் சுருக்கும்.

எல்லாச் சோதனைகளும் செய்த பின்னும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினருக்குக் காரணம் தெரிவதில்லை. வழக்கமான சோதனைகளில் விடை கிடைக்காத 127 குடும்பங்களில் மரபணுக்களை விரிவாகப் படித்த அமெரிக்க ஆய்வொன்று 2020இல் வெளியாயிற்று. அவற்றுள் 37இல் காரணம் கண்டறியப்பட்டது. இச்சோதனைக்குப் பொருட்செலவும் காலமும் ஆகும். ஆகவே எல்லாருக்கும் முதலிலேயே செய்வதில்லை; மீண்டும் நிகழ்ந்தவர்களுக்கும், சொந்தத்தில் மணந்தவர்களுக்கும் விரைந்து பரிந்துரைக்கிறோம்.

தாயின் உடலும் வீங்கினால்

குழந்தையைப் பற்றிய கவலையில் தாயின் உடலை எல்லாரும் மறந்துவிடுவார்கள்; தாயே மறந்துவிடுவார். எடின்பரோவைச் சேர்ந்த பாலன்டைன் என்ற மருத்துவர் 1892இலேயே கவனித்த ஒன்று உண்டு. குழந்தைக்கு நீர் கோத்திருக்கும்போது சில தாய்மாரின் உடலும் அதேபோல் வீங்குகிறது. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப்போல் தாய் குழந்தையைப் பிரதிபலிப்பதால் இதற்கு 'கண்ணாடி நோய்க்குறி' என்று பெயர். இரத்த அழுத்தம் கூடலாம். சிறுநீரில் புரதம் போகலாம். தாயின் நுரையீரலிலும் நீர் சேரலாம். கர்ப்பத்தில் கால் வீங்குவது இயல்புதானே என்று இதை விட்டுவிடக் கூடாது. ஓரிரு நாளில் எடை திடீரென ஏறினாலும், முகமும் கைகளும் வீங்கினாலும், தலைவலி நீங்காதிருந்தாலும், படுத்தால் மூச்சு முட்டினாலும் அந்த இரவே மருத்துவமனைக்கு வாருங்கள். குழந்தையின் நீர் சிகிச்சையால் வடிந்தாலோ பிரசவம் ஆனாலோ தாயின் உடல் தேறிவிடும். சிகிச்சைக்கு வழியில்லாத நிலையில் தாயின் உயிரைக் காக்கப் பிரசவத்தை முன்கூட்டியே நடத்த வேண்டிவரலாம்.

பிழைக்குமா?

இந்தக் கேள்விக்குச் சுற்றிவளைக்காமல் விடை சொல்ல வேண்டும். எல்லாக் காரணங்களையும் சேர்த்துப் பார்த்தால், ஹைட்ராப்ஸ் கண்ட குழந்தைகளுள் பாதியோ அதற்கு மேலோ இழக்கப்படுகின்றனர். எவ்வளவு முன்னதாகத் தோன்றுகிறதோ அவ்வளவு நம்பிக்கை குறைவு. ஆனால் இந்தச் சராசரியை உங்கள் குழந்தைக்கு அப்படியே பொருத்திவிடாதீர்கள். ஆர்.எச். இரத்தசோகையில், நீர் கோக்கும் முன்பே இரத்தம் ஏற்றத் தொடங்கினால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிழைக்கின்றனர். நீர் கோத்தபின் அந்த எண் குறைகிறது; கடுமையாகக் கோத்தபின் இன்னும் குறைகிறது. வாரம் தவறாமல் டாப்ளர் ஸ்கேனுக்கு வரச் சொல்வது இந்த வேறுபாட்டுக்காகத்தான். பிழைத்த குழந்தைகளின் அறிவு வளர்ச்சி பற்றிப் பெற்றோர் அஞ்சுவது இயற்கை. கருவில் இரத்தம் ஏற்றப்பட்ட 291 குழந்தைகளைப் பல ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்த நெதர்லாந்து ஆய்வில், வளர்ச்சிக் குறை காணப்பட்டது நூற்றுக்கு ஐந்துக்கும் சற்றுக் குறைவானவர்களிடமே.

பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்திலேயே பிரசவம் நடக்க வேண்டும். பிறந்ததும் மூச்சுக்குழாய் செலுத்துவதும், மார்பிலும் வயிற்றிலும் உள்ள நீரை வடிப்பதும் முதல் சில நிமிடங்களில் நடைபெறும் வேலைகள். குழந்தையைத் தாயின் மார்பில் வைக்க இயலாது போகலாம். குழந்தை வீங்கி, அடையாளம் தெரியாத தோற்றத்தில் இருக்கலாம். அத்தோற்றத்தின் பெரும்பகுதி நீர்தான். இதைத் தந்தைக்கும் பாட்டிக்கும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறோம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்வது வழக்கம் என்பதால் கடைசி மாதத்தில் ஊருக்குப் புறப்பட எண்ணுவோர், அங்கிருந்து இத்தகைய மருத்துவமனைக்கு எத்தனை மணி நேரப் பயணம் என்று எங்களுடன் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள்.

காப்பாற்ற இயலாத காரணம் உறுதியானால் கர்ப்பத்தைத் தொடர்வதா என்பது தாயின் முடிவு. 2021இல் திருத்தப்பட்ட சட்டப்படி, 24 வாரங்களுக்குப் பின்னும், குழந்தைக்குக் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு உறுதி செய்தால் கர்ப்பத்தை நிறைவு செய்ய அனுமதியுண்டு. தொடரவே விரும்பும் தாய்மாருக்கும் அதே அக்கறையோடு துணை நிற்கிறோம். எந்த முடிவுக்கும் எங்களுள் எவரும் உங்களை நெருக்க மாட்டோம். உறவினர் நெருக்கினால், தாயிடம் தனியாகப் பேச நேரம் ஒதுக்கித் தருகிறோம்.

இழப்புக்குப் பின் நாங்கள் கேட்கும் கடினமான கேள்வி

குழந்தையை இழந்த சில மணி நேரத்துக்குள், பெற்றோரிடம் ஒன்றைக் கேட்க வேண்டிய கட்டாயம் எங்களுக்கு நேர்கிறது. குழந்தையின் உடலையும் நஞ்சுக்கொடியையும் பரிசோதிக்க அனுமதிப்பீர்களா என்பதே அது. "பட்டது போதும், இனியும் குழந்தையை அறுக்க வேண்டாம்" என்று மறுப்பவர்களின் மனம் எங்களுக்குப் புரிகிறது. ஆயினும் ஓராண்டுக்குப் பின் அதே தாய் மீண்டும் கருவுற்று, "இந்தக் குழந்தைக்கும் வருமா?" என்று கேட்கும்போது, எங்களிடம் விடை இல்லாமல் போவது அன்று தவறிய அந்தப் பரிசோதனையால்தான். முழுப் பரிசோதனைக்கு மனம் ஒப்பாதவர்களுக்கும் வழிகள் உண்டு. தொப்புள்கொடி இரத்தத்தையோ சிறு தோல் துணுக்கையோ எடுத்து மரபணுப் பொருளைச் சேமித்து வைக்கலாம்; எக்ஸ்ரே எடுக்கலாம்; நஞ்சுக்கொடியை மட்டும் ஆய்வுக்கு அனுப்பலாம். இவற்றால் இறுதிச் சடங்கு தாமதமாகாமல் பார்த்துக்கொள்கிறோம். குழந்தையைப் பார்க்கவும் ஏந்தவும் விரும்பும் தாயைத் தடுக்க வேண்டாமென்று உறவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.

தாய் ஆர்.எச். நெகட்டிவாக இருந்து, எதிர்ப்பொருள் இன்னும் உருவாகாமலும் இருந்தால், இழப்பின் துயரத்திலும் அந்த 72 மணி நேர ஊசியை மறந்துவிடாதீர்கள்.

அடுத்த கர்ப்பம் பற்றி நினைக்கும்போது, கருவுறும் முன்பே ஒருமுறை வந்து பேசுவது நல்லது. முந்தைய ஸ்கேன் படங்கள், இரத்தச் சோதனை முடிவுகள், குழந்தையின் பரிசோதனை அறிக்கை, தாய் தந்தை இருவரின் இரத்த வகைச் சான்று ஆகிய அனைத்தையும் எடுத்து வாருங்கள். தொற்றினால் வந்த நீர்க்கோப்பு மீண்டும் வருவது அரிது. ஆர்.எச். எதிர்ப்பொருள் உள்ளவர்களுக்கு, குழந்தை பாசிட்டிவ் எனில், முந்தைய முறையைவிட முன்னதாகவும் கடுமையாகவும் வரக்கூடும். அவர்களுக்கு 16 முதல் 18ஆம் வாரத்திலிருந்தே டாப்ளர் ஸ்கேன் தொடங்குகிறோம். மரபு நோய் உறுதியானவர்களுக்கு 11ஆம் வாரத்திலிருந்தே நஞ்சுக்கொடியின் துணுக்கை எடுத்துச் சோதிக்கலாம். காரணம் தெரியாமல் போனவர்களுக்கு, 12 வாரத்தில் ஒரு ஸ்கேனும், 16 வாரத்திலிருந்து இடைவெளி குறைத்துத் தொடர் ஸ்கேன்களும் செய்கிறோம்.